ஊசி போட்டாச்சு... வாந்தி நின்னாச்சு... நோய் எங்கே?

ஒருவர் வாந்தி எடுத்தால் போதும். ஊர் முழுக்க டாக்டர் ஆகிவிடுகிறது!

"பித்தம்" என்பார் ஒருவர். "கேஸ் டிரபிள்" என்பார் அடுத்தவர். "அல்சர்தான், சந்தேகமே இல்லை" என்று டீக்கடை பெஞ்சில் தீர்ப்பு எழுதப்படும். "எவன் கண்ணு பட்டுச்சோ" என்று பாட்டி உப்பு, மிளகாய் எடுத்துச் சுற்றிப் போடுவார்.

சோடா, ஓம வாட்டர், எலுமிச்சம்பழம் எல்லாம் முடிந்தபிறகு மெடிக்கலில் இரண்டு மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் ஓர் ஊசி. வாந்தி நிற்கிறது. ஆள் வேலைக்குப் போகிறார். பத்தே நாளில் மறுபடி குமட்டல்!

கெட்டுப்போன குழம்பைச் சாப்பிட்டு ஒரு நாள் வாந்தி எடுப்பது வேறு. அது இரண்டு நாளில் போய்விடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டு விட்டு வருகிறதே, அந்த வாந்திதான் பேச வேண்டிய விஷயம். அது தனி நோய் அல்ல. உள்ளே ஒளிந்திருக்கும் நோய் அடிக்கும் மணி. மணியின் நாக்கைக் கட்டிப் போட்டால் திருடன் ஓடிவிடுவானா?

நடுவில் நிற்கும் கீரனூர்

கீரனூரை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி - புதுக்கோட்டை ரோட்டில் நடுவாந்தரமாக இருக்கிற ஊர். ஒரு பக்கம் போனால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரி. இன்னொரு பக்கம் போனால் 2017-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் பெரிய டாக்டரைப் பார்த்துவிடலாம்.

அப்புறம் ஏன் நோய் பிடிபடுவதில்லை?

காரணம் தூரம் அல்ல, அலைச்சல்! மூன்று மாதமாகக் குமட்டும் ஒரு மளிகைக் கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கத்துத் தெரு டாக்டர். கேட்காவிட்டால் புதுக்கோட்டை. "அவரு சரியில்லை" என்று யாரோ சொன்னதும் திருச்சி. பழைய சீட்டு வீட்டில், ரத்த டெஸ்ட் காகிதம் கடை கல்லாவில். ஒவ்வொரு டாக்டரிடமும் கதை ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொருவரும் முதல்கட்ட மருந்தையே எழுதுகிறார்கள். இரண்டாம் கட்டத்துக்கு யாரிடமும் அவர் போய்ச் சேருவதே இல்லை!

தினக்கூலிக்காரருக்கு இன்னும் கஷ்டம். ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. "ஊசி போட்டு அனுப்புங்க சார்" என்று அவரே கேட்கிறார். டாக்டரும் போட்டு அனுப்புகிறார். தப்பு இருவர் பக்கமும் இருக்கிறது.

ஒரு கேள்வி கண்டுபிடித்தது

சரியான கேள்வி என்ன செய்யும் என்பதற்கு இதே மாவட்டத்தில் சாட்சி உண்டு.

2022 டிசம்பர். வேங்கைவயலில் தலித் மக்கள் குடியிருப்பு. குழந்தைகளுக்கு அடுத்தடுத்து காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடிக்கிற தண்ணீரில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். 26-ந்தேதி மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தவர்கள் பதறிப் போனார்கள். தண்ணீரில் மனிதக் கழிவு!

யார் செய்தது என்பது வழக்கு விவகாரம். அது நாள்பட்ட வாந்தியும் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். வாந்தியை மட்டும் நிறுத்தி அனுப்பியிருந்தால், பிள்ளைகள் அதே தொட்டித் தண்ணீரைத்தான் மறுபடி குடித்திருப்பார்கள்!

சந்தேகப் பட்டியல்

நாள்பட்ட வாந்திக்கு வயிறு மட்டுமே குற்றவாளி அல்ல. பட்டியல் பெரியது.

நேற்று ராத்திரி சாப்பிட்ட சோறு இன்று சாயங்காலம் அப்படியே வெளியே வருகிறதா? இரைப்பையின் வாசல் அடைபட்டிருக்கலாம். பழைய புண் ஆறிச் சுருங்கியதால் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம்.

விடிந்ததும் தலைவலியோடு வாந்தியா? மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகம், கால் வீங்கி, பசியே இல்லாமல் குமட்டுகிறதா? சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் உப்புச்சத்து ஏறியிருக்கலாம். பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவருக்கு இரைப்பை நரம்பு கெட்டு, சாப்பாடு கீழே இறங்காமல் தேங்கி நிற்பதும் உண்டு.

மூட்டுவலி மாத்திரை, டி.பி. மாத்திரை, சில சர்க்கரை மாத்திரைகள் கூடக் குமட்டும். காலையில் வெறும் ஒக்காளம் வருபவர் ராத்திரி குடித்ததை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

பெண்களுக்கு முதல் கேள்வி, நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்பதுதான். மசக்கை என்றால் எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிடக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீர் கூட நிற்காமல் எடை இறங்கினால் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஓயாத வாந்தி. பிறகு ஒரு மாதம் ஓடி விளையாடும். மறுபடி அதே கூத்து! லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ 1882-லேயே இதை எழுதி வைத்தார். ஒற்றைத் தலைவலிக்கு உறவான நோய் அது. "பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயந்து நடிக்கிறான்" என்று அந்தப் பிள்ளையை அடித்தால் பாவம் யாருக்கு?

மனக்கவலையாலும் வாந்தி வரும், பொய் இல்லை. ஆனால் மற்றதெல்லாம் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை அது. முதலிலேயே "எல்லாம் மனசுதாம்மா" என்று அனுப்பக் கூடாது.

காரத்தின் மேல் பழி

அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பியிருந்தது. ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் நம்பவில்லை. இரைப்பையில் ஒரு கிருமி இருக்கிறது என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. 1984-ல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார்! சில நாளில் அவருக்குக் குமட்டல், வாந்தி. குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பை வெந்திருந்தது. 2005-ல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

இன்று அந்தக் கிருமிக்கு மருந்து உண்டு. நம் ஊரிலோ இன்னும் மிளகாயின் மேல்தான் பழி!

எல்லோருக்கும் விடை கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பரிணாமக் கொள்கை சொன்ன டார்வின் பல வருஷம் வாந்தியால் அவதிப்பட்டார். டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தார். என்ன நோய் என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. ஆனால் அவர் காலத்தில் ஸ்கேனும் இல்லை, எண்டாஸ்கோப்பியும் இல்லை. இன்று இருக்கிறதே! இருந்தும் பார்க்காமல் விடுவதுதான் குற்றம்.

மாத்திரையிலும் ஆபத்து

வாந்தி மாத்திரை மிட்டாய் அல்ல. மெட்டோகுளோபிரமைடு என்ற மருந்து சிலருக்குக் கழுத்தை இழுக்கும், வாயைக் கோண வைக்கும். அதிகபட்சம் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2013-ல் சொல்லியிருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கி விழுங்கினால், இரைப்பைப் புற்றுநோயின் அறிகுறி கூட மறைந்து போகலாம்.

ஒரு நோட்டு போதும்

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒரு நோட்டு வாங்குங்கள். வாந்தி எப்போது வருகிறது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, என்ன நிறம், எடை எவ்வளவு, என்னென்ன மாத்திரை என்று எழுதுங்கள். எல்லாச் சீட்டையும் ஒரே பையில் வையுங்கள். ஒரே டாக்டரிடம் திரும்பத் திரும்பப் போங்கள். "ஏன் வருது சார்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சர்க்கரை, உப்பு, கல்லீரல் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் எண்டாஸ்கோப்பி. குழாய் விடுவார்கள் என்று பயந்து ஓட வேண்டாம். சில நிமிட வேலைதான்.

வாந்தியில் ரத்தமோ, காப்பித்தூள் நிறமோ தெரிந்தால், மலம் தார் போலக் கறுத்தால், சிறுநீர் நின்றால், எடை மளமளவென்று இறங்கினால், கடுமையான தலைவலியோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நோட்டு, பேனா எல்லாம் அப்புறம். உடனே ஆஸ்பத்திரி!

அரசு செய்ய வேண்டியது

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்தது இந்தப் புதுக்கோட்டையில்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கம்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியாக எழுந்து நின்றது. அவர் பிறந்த மாவட்டத்தில், என்ன நோய் என்றே தெரியாமல் ஒரு உயிர் போகலாமா?

எண்டாஸ்கோப்பி எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை, யாரைப் பார்ப்பது? இதைத் தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் தமிழில் பெரிய போர்டாக எழுதி வைக்கட்டும். இங்கே எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் மதித்து, அதே நாளில் பரிசோதனை செய்து அனுப்பட்டும். கூலிக்காரருக்கு அதுதான் பெரிய உதவி. ஒரு போர்டுக்கும் ஒரு உத்தரவுக்கும் கோடி ரூபாய் செலவாகாது.

வாந்தியை நிறுத்த ஊசி போதும். மனிதனைக் காப்பாற்றக் காரணம் தெரிய வேண்டும்!