கஷ்டம் நாய்க்கா, பார்ப்பவருக்கா?

"பார்க்கவே கஷ்டமா இருக்கு சார். ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிடுங்களேன்."

கடந்த நான்கு வருடங்களில் இதை நான் கேட்காத வாரம் கிடையாது. காலை நடையில் எதிர்ப்படுகிறவர், சிலிண்டர் கொண்டுவரும் பையன், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தூரத்து உறவு என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்லவர்கள் சொல்வதால்தான் உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. நாட்டு நாய். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிய, இருமிக்கொண்டு எங்கள் வாசல் திண்ணைக்கு அடியில் ஒதுங்கியது. ஜுரமும் வயிற்றுப்போக்கும் நின்று, அப்பாடா என்று நினைத்த இரண்டாவது வாரம் தலை வெட்ட ஆரம்பித்தது. இன்றுவரை நிற்கவில்லை. தலையும் இடது முன்னங்காலும் கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தரம் வெட்டி இழுக்கும். தூங்கும்போதும் இழுக்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வலிப்பும் வரும். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்ன பெயர் டிஸ்டெம்பர்.

டிஸ்டெம்பர் என்றால் நம் வயதுக்காரர்களுக்குச் சுவருக்கு அடிக்கும் வர்ணம்தான் ஞாபகம் வரும். இது வேறு. இது ஒரு வைரஸ். குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை வைரஸும், நம் தாத்தா காலத்தில் மாடுகளை ஊர் ஊராகச் சாய்த்த வெக்கை நோயின் வைரஸும் இதற்குப் பங்காளிகள். நாய்க்கு வந்தால் முதலில் மூச்சுக்குழாய், பிறகு குடல், கடைசியில் மூளையும் தண்டுவடமும். நரம்பு வரை போய்விட்டால் பிழைப்பது குறைவு. பிழைத்ததில் சிலவற்றுக்கு இந்த வெட்டு ஆயுளுக்கும் தங்கிவிடும். மனிதர்களுக்கு இது நோயாக வருவதில்லை.

மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல் நரம்புக்கு மேலேயும் ஓர் உறை உண்டு. இந்த வைரஸ் அந்த உறையை அரிக்கும், நரம்பு செல்லையும் கெடுக்கும். உறை போன கம்பியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். போக வேண்டிய இடத்துக்குக் கரண்ட் சரியாகப் போகாது. வேண்டாத இடத்தில் பொறி தட்டும். மணியின் கால் இழுப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். அதற்குப் பைத்தியம் இல்லை, பேய் இல்லை.

இப்போது ஒவ்வொருவருக்காகப் பதில்.

முதலில், "வெறி பிடித்த நாய்" என்று சொல்பவர்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவர், வெறிநாயை வீட்டில் வைத்திருப்பதாகப் புகார் எழுதினார். பெயர் எதற்கு, விட்டுவிடுவோம். வெறிநோய் அறிகுறி காட்டிய நாய் பத்து நாளைக்கு மேல் உயிரோடு இருப்பது அபூர்வம். மணி நான்கு வருடமாக வாசலில் உட்கார்ந்து அவருக்கே வாலாட்டிக்கொண்டிருக்கிறது. வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுகிறோம், அட்டை இருக்கிறது. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெருவில் புதிதாக நடுங்கும் நாயைப் பார்த்து இது டிஸ்டெம்பரா வெறிநோயா என்று நாமே முடிவு செய்யக்கூடாது. கையை வைக்காமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். எந்த நாய் கடித்தாலும், பல் லேசாகப் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கிரதை வேறு, பார்த்த மாத்திரத்தில் கல்லெடுப்பது வேறு. பல ஊர்களில் டிஸ்டெம்பர் நாய்கள் நோயால் சாவதற்கு முன்பே உருட்டுக்கட்டையால் செத்துப்போகின்றன.

அடுத்தது, "பூர்வ ஜென்மக் கர்மா, அனுபவிக்கட்டும்" என்பவர்கள். இவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. தடுப்பூசி போட்ட குட்டிக்கு வராத கர்மா, போடாத குட்டிக்கு மட்டும் எப்படித் தேடிப்பிடித்து வருகிறது? மாட்டு வெக்கையையும் ஒரு காலத்தில் மாரியாத்தா கோபம் என்றுதான் சொன்னார்கள். விடாமல் ஊசி போட்டார்கள். 2011-ல் அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூமியிலிருந்து துடைத்தெறிந்த இரண்டாவது நோய் அதுதான். ஆத்தாவின் கோபம் ஊசியால் தணிந்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, "இந்தக் காசுக்கு ஒரு ஏழைப் பிள்ளையைப் படிக்க வைக்கலாமே" என்பவர்கள். நல்ல யோசனை. நீங்கள் படிக்க வைக்கும் பிள்ளையின் பெயர் என்ன, எந்த வகுப்பு என்று கேட்டால் பேச்சு மழை பெய்யுமா என்பதற்குத் தாவிவிடும். மணியின் மாத்திரைச் செலவு என் பிரஷர் மாத்திரைச் செலவைவிடக் குறைவு. அது தின்பது எங்கள் வீட்டுத் தயிர்சாதமும் வாரம் இரண்டு முட்டையும். நாய்க்கு மனசு இரங்காதவன் பிள்ளைக்கு இரங்குவான் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்களோ!

கடைசியாக, நான் மதிக்கிற ஆட்கள். "கருணை" என்று சொல்பவர்கள். இவர்களுக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஊசிக்கு நான் எதிரி இல்லை. வலிப்பு அடுக்கடுக்காக வந்து எந்த மருந்துக்கும் அடங்காமல், சாப்பிட முடியாமல், எழுந்திருக்க முடியாமல், படுத்த இடத்திலேயே புண்ணாகிக் கிடக்கும் நாய்க்கு மருத்துவர் கையால் அமைதியாகக் கிடைக்கும் அந்த ஊசி கருணைதான். மணிக்கு அந்த நாள் வந்தால் அதன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு நானே சம்மதிப்பேன். என் மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த நாள் வந்துவிட்டதா இல்லையா என்பதை யாரைப் பார்த்து முடிவு செய்வது? மருத்துவர்கள் இதற்கென்று சில கேள்விகள் வைத்திருக்கிறார்கள். வலி இருக்கிறதா? பசித்துச் சாப்பிடுகிறதா? தண்ணீர் குடிக்கிறதா? சுத்தமாக வைத்துக்கொள்ள முடிகிறதா? துணை பிடித்தாவது நடக்கிறதா? எதிலாவது சந்தோஷம் காட்டுகிறதா? கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா? எல்லாம் நாயைப் பற்றிய கேள்விகள். பார்ப்பவருக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி அதில் இல்லை. கவனித்தீர்களா?

மணிக்கு இந்தப் பரீட்சை வைத்தால் பாஸ். தலை வெட்டுவது பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும், அதனால் பெரும்பாலும் வலி இருப்பதில்லை என்று மருத்துவர் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் தெரிகிறது. பால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் விழுந்தடித்துக்கொண்டு ஓடும். மூன்று தரம் விழும், நாலாவது தரம் கேட்டை எட்டிவிடும். அது விழுவதைப் பார்த்து நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. அதற்கு விழுவது ஒரு விஷயமே இல்லை.

இதை நான் வெறும் நாய்க்காகச் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும். காபி டம்ளர் தளும்பும். இப்போதெல்லாம் அவர் எந்தக் கல்யாணத்துக்கும் வருவதில்லை. கேட்டால், "நடுக்கத்தோடு சாப்பிடப் பழகிட்டேன்ப்பா, பக்கத்து இலைக்காரன் முணுமுணுக்கிறதைத்தான் தாங்க முடியல" என்றார். முணுமுணுப்பு என்ன தெரியுமா? அதே வாக்கியம். "பாவம், பார்க்கவே கஷ்டமா இருக்கு." மனிதனையும் நாயையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒரே வாக்கியம் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது என்கிறேன். நடுங்குகிறவனைக் கண்ணுக்கு முன்னாலிருந்து அகற்றிவிட்டால் நம் கஷ்டம் தீர்ந்துவிடும். அதற்குக் கருணை என்று பெயர் வைத்தால் மனசும் நிம்மதியாகிவிடும். எழுபதைத் தொட்டுவிட்ட நாம் இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இன்னும் சில வருடங்களில் அது யாரைப் பற்றிச் சொல்லப்படும் என்று யாருக்குத் தெரியும்?

"சரி சார், யாரால் முடியும் இந்தச் சிரமம்?" என்பீர்கள். சிரமம்தான், மறைக்கவில்லை. மொசைக் தரையில் கால் வழுக்கும், அதனால் வீடு முழுக்கச் சாக்கு விரித்திருக்கிறோம். தலை வெட்டும்போது தட்டில் இடித்துக்கொள்ளும், அதனால் தட்டுக்குப் பதில் அகலமான பிளாஸ்டிக் பேசின், அதுவும் ஒரு முக்காலி மேல். பின்னங்கால் தளரும் நாளில் வயிற்றுக்கடியில் பழைய துண்டைக் கொடுத்து இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வலிப்புக்குப் பினோபார்பிட்டோன் மாத்திரை, காலை ஆறு மணி, மாலை ஆறு மணி. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. அவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் வலிப்பு இரட்டிப்பாகத் திரும்பும். அவ்வப்போது ரத்தம் எடுத்து ஈரலைப் பார்க்க வேண்டும்.

வலிப்பு வரும்போது சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள். இரும்பைக் கையில் கொடுத்தால் மனிதனுக்கே வலிப்பு நிற்காது. வாயில் விரலையோ கரண்டியையோ விடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சுற்றியிருக்கும் நாற்காலியை நகர்த்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவ்வளவுதான். ரிட்டயர் ஆன இரண்டு பேர் செய்கிற வேலைதான் இது.

ஆனால் எல்லோரும் ஒரு நடுங்கும் நாயை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு மணி உருவாகாமல் பாருங்கள் என்கிறேன். இது வராமல் தடுக்கக்கூடிய நோய். 1905-ல் ஆன்ரி கார்ரே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குக் காரணம் வைரஸ்தான் என்று காட்டினார். 1920-களிலேயே இங்கிலாந்தில் தடுப்பூசி செய்துவிட்டார்கள். நூறு வருடம் ஆகப்போகிறது! ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் ஆகும்வரை, பிறகு ஒரு வருடத்தில் ஒன்று. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும், அதனால்தான் ஒன்றோடு நிறுத்தக்கூடாது. பார்வோ என்ற ரத்தபேதிக்கும் அதே ஊசியில் மருந்து இருக்கிறது.

தெருநாய்களுக்கு அரசு விதி கேட்பது கருத்தடையும் வெறிநோய் ஊசியும். இரண்டும் அவசியம். ஆனால் டிஸ்டெம்பர் அந்தக் கணக்கில் இல்லை. மனிதனுக்குத் தொற்றாத நோய்தானே என்கிற அலட்சியம். குஜராத்தின் கிர் காட்டில் 2018-ல் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது பரிசோதனையில் அகப்பட்டது இதே வைரஸ்தான். அப்போது அவசர அவசரமாக அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்தார்கள். சிங்கத்துக்கு விமானத்தில் வந்த ஊசி, தெருக்குட்டிக்குப் பக்கத்து மருந்துக்கடையிலிருந்து வராதா?

மார்கழி, தை மாதங்களில் தெருவில் குட்டிகள் அதிகம் தென்படும். பிஸ்கட் போடுகிறவர்கள் இருக்கிறோம், படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களும் இருக்கிறோம். எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து போன வருடம் ஏழு குட்டிகளுக்கு ஊசி போட்டோம். ஒரு வீட்டுக்கு வந்த பங்கு, ஒரு குடும்பம் ஓட்டலில் ஒருவேளை சாப்பிடும் காசு. ஏழில் ஒன்று லாரியில் அடிபட்டுப் போயிற்று. மீதி ஆறும் நேராக நடக்கின்றன.

உங்களுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தால் அந்தக் கஷ்டத்துக்கு இப்படி ஒரு வேலை கொடுங்கள். அடுத்த குட்டிக்கு ஊசி போடுங்கள். என் நாய்க்கு எப்போது போடுவது என்பதை நானும் என் மனைவியும் மருத்துவரும் பார்த்துக்கொள்கிறோம்.