தடையும் காவலே



திண்டுக்கல் என்றதும் வெளியூரார் பூட்டையும் புகையிலையையும் நினைப்பது நெடுங்கால வழக்கம். மலைக்கோட்டையைச் சூழ்ந்த தெருக்களில் அரமும் சுத்தியலும் கொண்டு கையால் ஆக்கப்பெற்ற மாங்காய்ப் பூட்டு நாடெங்கும் பெயர் பெற்றது. வேடசந்தூர்ப் பக்கத்து நிலங்களில் விளைந்த புகையிலை இந்நகரில் சுருட்டாகி, ஸ்பென்சர் கம்பெனியாரின் பெட்டிகளில் கடல் கடந்து சென்றது. கைத்தொழிலின் நுட்பமும் புகையின் மயக்கமும் ஒரே பொருளில் வந்து கூடினால் என்ன விளையும் என்பதை இத்திங்கள் சிந்திப்போம். அப்பொருள், இளைஞர் சிலர் மறைவாகக் கைக்கொள்ளும் மின்சிகரெட்டு. அதிலும், 'மெக்கானிக்கல் மாட்' என்று அவர்கள் வழங்கும் உலோகக் குழலை வீட்டிலேயே பிரித்துத் திருத்தும் பழக்கம் பற்றியே நாம் கூற விழைகிறோம்.

குழலின் அமைப்பு

புகையிலையைக் கொளுத்தாமல் புகை போன்ற ஆவியை உறிஞ்சும் கருவிக்கு அமெரிக்கராகிய ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1963-இல் காப்புரிமை கோரினார். அது சந்தையில் நிலைபெறவில்லை. 2003-இல் சீன மருந்தாளர் ஹோன் லிக் உருவாக்கிய கருவியே பின்னர் உலகெங்கும் பரவியது. நிகோட்டின் கலந்த கிளிசரின் போன்ற திரவத்தில் பஞ்சுத் திரி ஊறியிருக்கும். அத்திரியைச் சுற்றியோ ஊடுருவியோ ஒரு கம்பிச்சுருள் இருக்கும். மின்கலம் சுருளைச் சூடேற்ற, திரவம் ஆவியாகும்.

கடைச்சரக்காக வந்த கருவிகள் பலவற்றில் சிறு மின்சுற்றுப் பலகை ஒன்று உண்டு. மின்னோட்டம் அளவு மீறினால் அது கருவியை நிறுத்திவிடும். மெக்கானிக்கல் குழலிலோ அப்பலகை கிடையாது. பித்தளையிலோ செம்பிலோ கடைந்த குழல், உள்ளே ஒரு லித்தியம் மின்கலம், மேலே சுருள், கீழே அழுத்தும் பொத்தான், இவ்வளவே. பிலிப்பைன்ஸ் நாட்டின் சிறு கடைசல் பட்டறைகளில் உருவான இத்தகைய குழல்கள் பல நாடுகளிலும் விரும்பி வாங்கப்பட்டன. கைத்தொழிலில் ஆசையுள்ள இளைஞனை இதன் எளிமை கவர்வதில் வியப்பில்லை. பிரிக்கலாம், துடைக்கலாம், சுருளைத் தன் கையாலேயே சுற்றலாம். ஒவ்வொரு மாற்றத்தின் பயனும் அடுத்த கணமே ஆவியின் அடர்த்தியில் தெரியும்.

ஒரு சிறு கணக்கு

திருத்தம் என்பது இங்கே என்ன? ஒரே சொல்லில் கூறினால், தடையைக் குறைத்தல். மின்தடை என்றதும் நம் ஊரில் விளக்கு அணைவதையே எண்ணுவோம். இங்கு நாம் குறிப்பது, மின்னோட்டத்துக்குக் கம்பியும் இணைப்புகளும் காட்டும் எதிர்ப்பு. அதை ஓம் என்னும் அளவால் அளப்பர். மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம்.

முழுதும் மின்னேற்றிய லித்தியம் கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் தடை 1 ஓம் எனில் ஓடும் மின்னோட்டம் 4.2 ஆம்பியர். வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ இதே அளவு மின்னோட்டத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. தடையை அரை ஓமாகக் குறைத்தால் 8.4 ஆம்பியர். 0.1 ஓமாக்கினால் 42 ஆம்பியர். இஸ்திரிப் பெட்டியின் மின்னழுத்தம் மிகுதி. எனவே இரண்டின் ஆற்றலும் ஒன்றல்ல. ஆயினும் கம்பியிலும் கலத்திலும் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். பத்துப் பெட்டிகளுக்குரிய மின்னோட்டம் கைவிரல் பருமனுள்ள ஒரு கலத்தினுள் பாய்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இக்குழல்களில் பெரிதும் பயன்படுவது 18650 எனப்படும் கலம். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. மிகுந்த மின்னோட்டத்துக்கென்றே செய்த நல்ல கலங்கள் இடைவிடாது தாங்குவது 20 முதல் 30 ஆம்பியர் வரை. பழைய மடிக்கணினியிலிருந்தும் டார்ச் விளக்கிலிருந்தும் எடுத்த கலங்கள் பலவற்றுக்கு 10 ஆம்பியரே மிகுதி. உறையின்மேல் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு மலிவாக விற்பவையும் உண்டு. இவ்வளவு பருமனுள்ள நல்ல கலமே 3500 அளவையொட்டித்தான் கொள்ளும். ஆகவே அந்த எழுத்து பொய், கலமும் நம்பத்தக்கதன்று.

இனி, கெட்டிக்காரன் ஒருவன் செய்யும் திருத்தத்தைப் பார்ப்போம். அவன் சுருளின் தடை 0.2 ஓம். அழுக்கேறிய புரிகளிலும் பொத்தானின் சுருள்வில்லிலுமாக மேலும் 0.05 ஓம் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 0.25 ஓம்; மின்னோட்டம் 16.8 ஆம்பியர். 20 ஆம்பியர் தாங்கும் கலம் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் ஆவி போதவில்லை என்று அவன் புரிகளைத் துலக்குகிறான், சுருள்வில்லை அகற்றிக் காந்தம் வைக்கிறான். 0.05 ஓமும் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. இப்பொழுது மின்னோட்டம் 21 ஆம்பியர், எல்லை கடந்துவிட்டது. அவன் செய்த வேலையில் குறையே இல்லை. வேலை நன்றாக அமைந்ததனாலேயே ஆபத்து வந்தது! அவன் நீக்கிய அந்தச் சிறு தடைதான் அதுவரை அவனைக் காத்து நின்றது. சில குழல்களில், மிகச் சூடேறினால் துவண்டு மின்சுற்றைத் துண்டிக்கும்படியே சுருள்வில்லை அமைத்திருந்தனர். இடையூறு என்று அவன் எறிந்தது, காவலுக்கு வைத்த பொருள்.

குழல் வெடியாகும் விதம்

இன்னொரு நுட்பமும் உண்டு. மின்கலத்தின் நேர்முனையும், எதிர்முனையாகிய அதன் உலோக மேனியும், மேற்புறத்தில் மிக அருகருகே உள்ளன. நடுவே இருப்பது மெல்லிய காகித வளையமும் பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. உறை ஓரிடத்தில் கிழிந்தாலும், சுருள் தாங்கும் பகுதியின் நடு ஊசி போதிய அளவு நீட்டிக்கொண்டிராவிட்டாலும், இரு முனைகளும் நேரே தொட்டுக்கொள்ளும். அப்போது கலத்தின் உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் தாமே சூடேறி, அச்சூடே மேலும் சூட்டை வளர்த்து, வாயு பீறிட்டு வெளியேறும்.

இறுகச் சுற்றிய வெடியே முழங்கி வெடிக்கும். பிரித்துக் கொட்டிய மருந்து சீறி எரிந்து அடங்கும். இதை அறியாத சிறுவன் நம் ஊரில் இல்லை. மின்கலத்தின் நிலையும் அதுவே. வாயு வெளியேறப் போதிய துளை இல்லாத உலோகக் குழலில் அது அடைபட்டால், குழல் வேட்டுக் குழலாகிவிடும். அதுவும் முகத்துக்கு நேராகப் பிடித்த வேட்டு.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 38 வயதினர் ஒருவர், வெடித்த கருவியின் சிதறல் மண்டையோட்டில் பாய்ந்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் வொர்த் நகரில் 24 வயது இளைஞர் ஒருவருக்குக் கழுத்தின் பெருந்தமனியை உலோகத் துண்டு அறுத்தது. இரண்டு நாட்களில் உயிர் பிரிந்தது.

திரவத்தைத் தாமே கலப்பதும் இத்தகையதே. 2019-இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தோ இறந்தோ கணக்கில் வந்தனர். மாண்டவர் 68 பேர். கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களைக் கெட்டியாகக் காட்டுவதற்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசெட்டேட் என்னும் எண்ணெய்ப் பொருளே முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. விழுங்கினால் கேடில்லாத ஒன்று, சூடாக்கி நுரையீரலுள் இழுத்தபோது நஞ்சாயிற்று.

நிகோட்டினைப் பற்றி நம் வட்டாரத்து உழவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. புகையிலைக் கரைசலைத் தெளித்து அசுவினிப் பூச்சியை ஒழித்தவர்கள் அவர்கள். அந்த நஞ்சே பழவாசனை பூசிச் சிறு புட்டியில் வீட்டு அலமாரிக்கு வருகிறது. 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று நிகோட்டின் திரவத்தை விழுங்கி இறந்தது.

சட்டமும் ஒரு தடை

நம் மாநிலத்தில் மின்சிகரெட்டு 2018-இல் தடை செய்யப்பட்டது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது முறையான சட்டமாயிற்று. தயாரித்தல், விற்றல், இறக்குமதி, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் வரை அபராதமும் உண்டு. சரக்கை இருப்பு வைத்தாலும் ஆறு திங்கள் வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று: கருவியையோ அதன் எந்தப் பகுதியையோ செய்வதும் இணைத்துப் பூட்டுவதும் தயாரித்தல் என்றே சட்டம் பொருள் கொள்கிறது. நண்பனுக்குச் சுருள் கட்டித் தருபவன் அதை விளையாட்டு என்று எண்ணலாம். சட்டத்தின் சொற்கள் அவ்வாறு எண்ணவில்லை.

"கடைத்தெருவில் சுருட்டும் சிகரெட்டும் விற்கும்போது இதற்கு மட்டும் ஏன் தடை?" என்று மகன் கேட்பான். நியாயமான கேள்வி. அதை அதட்டி அடக்குதல் தகாது. பிரிட்டனில், புகைப்பழக்கத்தை விட முயலும் பெரியவர்களுக்குச் சிகரெட்டுக்கு மாற்றாக இக்கருவியை அரசே தர முன்வந்தது என்பதும் உண்மை. கொளுத்திய புகையிலையைவிட இதன் தீங்கு குறைவு என்பது அந்நாட்டு மருத்துவத் துறையின் கருத்து. ஆயினும் அங்குள்ள மருத்துவர் பேசுவது, கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்ட கருவியைப் பற்றி. ஏற்கெனவே புகைப்பவரைப் பற்றி. புகைத்தறியாத பதினேழு வயதுப் பிள்ளை காவலற்ற குழலைக் கையிலெடுப்பதற்கு அது சான்றாகாது. புகையிலையை விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி உதவி இருக்கிறது. மருத்துவர் ஆலோசனையுடன் கொள்ளத்தக்க நிகோட்டின் மிட்டாய்களும் மருந்துக் கடையில் உண்டு.

பெற்றோர் செய்யத் தக்கவை

இத்தகைய கருவி வீட்டில் கண்ணிற்பட்டால் சினத்தில் அடுப்பிலோ குப்பையிலோ எறியாதீர்கள். மின்கலத்தைக் கழற்றி, இரு முனைகளிலும் ஒட்டு நாடாவை ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் தனியே வைத்து, மின்கழிவு பெறுமிடத்தில் சேர்ப்பியுங்கள். சட்டைப் பையில் சில்லறைக் காசோடும் சாவியோடும் கலத்தை வைப்பது பெருந்தீங்கு. முனைகள் காசின் வழியே இணைந்து, பையிலேயே தீப்பற்றும். உறை கிழிந்த, நசுங்கிய, உப்பிய கலங்களுக்கு மீண்டும் மின்னேற்றக் கூடாது. வெடித்துப் புண்பட்டால் பற்பசையோ மையோ தடவாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மின்கலம் வெடித்த புண் என்பதை மறைக்காது கூறுங்கள். வேதிப்பொருளும் அதில் கலந்திருக்கும்.

இவற்றுக்குப் பின், மகனின் கைகளைப் பாருங்கள். மெல்லிய கம்பியைச் சீராகச் சுற்றவும், புரியைத் துலக்கவும், தடையை அளக்கவும் பழகிய கைகள் அவை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகள் நம் சமவெளியில் ஊருக்கு ஊர் உண்டு. அங்கே அந்தக் கைக்கு மதிப்பு உண்டு. அரசு தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. ஆள் குறைந்து வாடும் பூட்டுத் தொழிலும் உண்டு.

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019 ஆகஸ்டில். மின்சிகரெட்டுக்கு நாடு தழுவிய தடை வந்தது அதற்கடுத்த மாதம். பூட்டு என்பது என்ன? தகாத சாவிக்குத் தடை. உள்ளிருக்கும் நெம்புத் தகடுகளைக் கூட்டுவதும், ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில் அராவுவதும் பூட்டுக்காரரின் திருத்தம். தடையை வளர்த்தே அவர் தம் வேலையைச் சிறப்பிக்கிறார். குழலைத் திருத்துபவன் தடையை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகிறான். இருவர் கையிலும் இருப்பது ஒரே திறமைதான்.

வீட்டில் பெற்றோர் விதிக்கும் தடையும் பிள்ளைகளுக்குச் சில வேளை புரியில் ஏறிய அழுக்காகவே தோன்றும். அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதைக் கணக்கோடும் காரணத்தோடும் விளக்கிச் சொல்லுங்கள். 16.8 எப்படி 21 ஆகிறது என்பதை மகனோடு அமர்ந்து காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வெறும் "கூடாது" என்ற சொல்லைவிட அது அவன் மனத்தில் நெடுநாள் நிற்கும்.