லோடு ஏறினால் தெரியும்

மொழிபெயர்ப்பாளனை ஒரு சொல் சேற்றில் இறக்கிவிடுவது புதிதல்ல. இம்முறை அந்தச் சொல் 'ஆஃப்-ரோடு'. நடுத்தர பிக்கப் வண்டிகளை ஒப்பிடும் கட்டுரை ஒன்று தமிழாக்கத்துக்கு வந்திருந்தது. தார் ரோடு முடிந்த பிறகு எந்த வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் விஷயம். 'சாலையை விட்டு விலகி' என்று தொடங்கினேன். '30 அடி பள்ளத்தில் கவிழ்ந்தது' என்று முடிக்கக் கை தானாகப் போயிற்று. இருபது வருடப் பத்திரிகைப் பழக்கம். 'கரடுமுரடான பாதை' என்றாலோ அங்கே ஒரு பாதை இருப்பதாக ஆகிவிடுகிறது. கடைசியில் 'ஆஃப்-ரோடு' என்றே எழுதிவிட்டேன். தமிழ் எம்.ஏ. படித்தவன் செய்யும் காரியமா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் தமிழுக்குப் பஞ்சம் இருக்கக் கூடாது. நான் இருப்பது திருப்பதியில். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்தின் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடம் என் ஜன்னலுக்கு எதிரே நிற்கிறது. சங்கப் பாடல்களில் பொருள் தேடிப் போகும் தலைவன் இதைத் தாண்டித்தான் மொழி மாறும் தேசத்துக்குள் நுழைகிறான். அவன் நடக்கும் சுரமும் அத்தமும் இன்றைய விளம்பரக்காரர்கள் கனவு காணும் நிலப்பரப்பு. உப்பு விற்கும் உமணர்களின் வண்டிகளும் அப்படிப்பட்ட வழிகளில்தான் போயின. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்வதற்கு, உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டி வைத்திருக்கும் மாற்று அச்சை உவமையாக்குகிறார். மேடு பள்ளத்தில் ஓர் அச்சு முறிந்தால் இன்னொன்று வேண்டுமே.

உமணர் வண்டி காலியாகப் போகவில்லை. மூட்டை மூட்டையாக உப்பு இருந்தது. நான் மொழிபெயர்த்த கட்டுரையில் எல்லாம் இருந்தன; அந்த மூட்டை மட்டும் இல்லை.

என்னென்ன இருந்தன? டொயோட்டா ஹைலக்ஸ். இந்தியாவுக்கு 2022இல் வந்தது. 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், 204 குதிரைத்திறன். முன் பம்பர் தரையில் இடிக்காமல் 29 டிகிரி சரிவில் ஏறத் தொடங்கலாம். பின்பக்கம் இடிக்காமல் 26 டிகிரியில் இறங்கி முடிக்கலாம். 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம், அதாவது தொடையளவு. அடுத்தது இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன். இரண்டும் கிட்டத்தட்ட 5.3 மீட்டர் நீளம். இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போகும். 'லோ ரேஞ்ச்' எனப்படும் தாழ் கியரும் உண்டு. அதில் போட்டால் வண்டி நடை வேகத்துக்கு இறங்கி, எருமை மாதிரி நிதானமாக, ஆனால் நிற்காமல் இழுக்கும்.

இந்த வி-கிராஸ் எங்கள் ஊர்ச் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. சென்னை - நெல்லூர் நெடுஞ்சாலையில் தடாவை ஒட்டியுள்ள ஸ்ரீசிட்டியில் 2016 ஏப்ரலில் இசுஸு தொழிற்சாலை திறந்தது. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதியோடு போய்விட்டது.

திருப்பதி என்றதும் மலைப்பாதை ஞாபகம் வரும். அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 1944இல் போட்ட முதல் பாதையானாலும், 1974இல் போட்ட இரண்டாம் பாதையானாலும், வளைவுகள்தான் சவால். காலுக்குக் கீழே நல்ல தார் இருக்கிறது. தேவஸ்தானத்தின் பஸ் ஏறுகிற இடத்தில் ஃபோர் வீலுக்கு என்ன வேலை?

நிஜமான பரீட்சையை நான் பார்த்தது 2025 ஜூனில், சித்தூருக்கு மேற்கே பங்காருபாளையம் பக்கத்தில், என் மனைவியின் அண்ணன் தோப்பில்.

ஆறு ஏக்கர், எல்லாம் தோத்தாபுரி. நம் பக்கத்தில் கிளிமூக்கு என்பார்கள். கையில் வைத்துத் தின்பதைவிட, கூழாக்கி டின்னில் அடைக்கவே அதிகம் போகும் ரகம். சித்தூரைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளை ('ஜூஸ் ஃபேக்டரி' என்றால்தான் ஊரில் புரியும்) நம்பியே அந்த விவசாயம். அந்த வருடம் விலை விழுந்து கிடந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. கர்நாடகப் பழம் உள்ளே வரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட, இரண்டு மாநிலங்களுக்கும் இடையே கடிதப் போர். ஆலை வாசல்களில் டிராக்டர்களும் பிக்கப்களும் வரிசையில் நின்றன. வரிசையில் நிற்கும் பழம் காத்திருக்காது. வெயிலில் கனிந்து ஒழுகும்.

அந்த நேரம் பார்த்து இரவெல்லாம் மழை. தோப்புக்குப் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஓடை என்றால் வருடத்தில் பத்து மாதம் மணல். அதைத் தாண்டினால் பத்தடி உயரத்துக்குச் செம்மண் மேடு. லோடு ஏற்ற வந்த வாடகை பிக்கப் மணலைக் கடந்து, மேட்டில் பாதி ஏறி, அங்கேயே நின்று பின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. வண்டியின் பேர் வேண்டாம். பின் சக்கரத்துக்கு மட்டும் இழுவை உள்ள எந்த வண்டிக்கும் அந்தக் கதிதான்.

"பரவாலேது சார், லோடு இருந்திருந்தா ஏறிடும்" என்றார் டிரைவர். எனக்கு வேடிக்கையாக இருந்தது. காலி வண்டி ஏறாத மேட்டை ஒன்றரை டன் ஏற்றிய வண்டி ஏறுமா? ஏறும் என்பதுதான் விஷயம். காலி பிக்கப்பில் எஞ்சினும் கேபினும் முன்னால் கனக்கின்றன. வண்டியைத் தள்ள வேண்டிய பின் சக்கரங்கள் மேல் வெறும் தகரப் பெட்டி. சரக்கைத் தாங்குவதற்காகப் போட்ட பட்டை ஸ்பிரிங் காலியாக இருக்கும்போது விறைத்து நிற்கும். குண்டு குழியில் ஒரு சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும். அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லையோ, அது சும்மா சுற்றும். பிடிப்புள்ள மற்றது வேடிக்கை பார்க்கும். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் வசதி, டிஃப் லாக், ஹைலக்ஸில் இருக்கிறது. வாடகை வண்டிக்காரருக்கு அந்தப் பூட்டு நாலு கூலியாட்கள்தான். அவர்களைப் பின்னால் ஏற்றி நிறுத்துவார். ஏறாவிட்டால் டயர் காற்றை இறக்குவார். அதற்கும் மசியவில்லை என்றால் வேப்பங்கிளையை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் போடுவார். அன்று மூன்றும் செய்தார். வண்டி ஓர் அடி ஏறி, ஒன்றரை அடி இறங்கியது.

அப்போதுதான் சென்னையிலிருந்து என்னோடு வந்திருந்த நண்பர் முன்வந்தார். வந்ததே அவருடைய வி-கிராஸில். காலையிலிருந்து இந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். ஒரு திருகு திருகித் தாழ் கியருக்கு மாற்றினார். மணலைத் தாண்டி, மாட்டிய வண்டியைச் சுற்றிக்கொண்டு, மேட்டில் சத்தமே போடாமல் ஏறிவிட்டது. மேலே நின்று, ஓர் அகலமான இழுவைப் பட்டையை எடுத்து மாட்டி, கீழே இருந்த பிக்கப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கூலியாட்கள் விசில் அடித்தார்கள். டிராக்டர் கொண்டுவந்து இழுக்க 1,000 ரூபாய் கேட்டிருந்த பக்கத்துத் தோப்புக்காரர் மட்டும் பேசாமல் பீடி பற்றவைத்தார்.

"இதுலயும் கொஞ்சம் பழம் போடலாமா மாப்ளே?" என்று என்னைக் கேட்டார் மச்சான். நான் நண்பரைப் பார்த்தேன். நண்பர் தன் வண்டியின் பின்பெட்டியைப் பார்த்தார். கேபினில் ஐந்து பேர் உட்கார இடம் கொடுத்ததில் பெட்டிக்கு மிஞ்சியது ஐந்தடி. அதற்கும் பளபளப்பு பெயிண்ட். காராகப் பதிவான வெள்ளை நம்பர் பிளேட். வாடகைக்குச் சரக்கு ஏற்ற மஞ்சள் பிளேட் வேண்டும். மச்சான் கேட்டது வாடகைக்கு அல்ல என்றாலும், நண்பர் அந்தக் காரணத்தைத்தான் சொன்னார். மாம்பால் பெயிண்டைத் தின்றுவிடும் என்ற பயத்தை அவர் சொல்லவில்லை.

ஒப்பீட்டுக் கட்டுரைகளின் கோளாறு அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. காலியாகப் போனால் எவ்வளவு தூரம் போகும் என்று அவை கேட்கின்றன. சித்தூரில் கேட்பது, நிறைத்துக்கொண்டு திரும்பி வருமா என்று. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. லோடு ஏறியதும் வண்டி தாழ்கிறது. 29 டிகிரி, 26 டிகிரி எல்லாம் மாறிவிடுகின்றன. மேட்டில் பிடிப்பு கூடுகிறது. உழுத மண்ணில் அதே எடை சக்கரத்தைப் புதைக்கிறது. அதனால்தான் எந்தத் தோப்பிலும் வண்டியை மரத்தடிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். இறுகின தரை பார்த்து நிறுத்திவிட்டு, அங்கே வரை பழத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள்.

ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து உண்மையான சுமை வண்டியும் வருகிறது. ஒற்றைக் கேபின் டி-மேக்ஸ், ஒரு டன்னுக்கு மேல் ஏற்றலாம். ஆனால் இழுவை பின் சக்கரத்துக்கு மட்டும். ஃபோர் வீல் வேண்டுமானால் வி-கிராஸுக்குப் போக வேண்டும், அங்கே பெட்டி குட்டை. ஏறும் வண்டி சுமக்காது, சுமக்கும் வண்டி ஏறாது என்று சந்தை பிரித்து வைத்திருக்கிறது. தாய்லாந்தில் இப்படி இல்லை. அங்கே ஒரு டன் பிக்கப்புக்கு வரிச் சலுகை கொடுத்துப் பல காலமாக வளர்த்தார்கள். ஹைலக்ஸும் டி-மேக்ஸும் அங்கே நெல் மூட்டை ஏற்றும் வண்டிகள். 1987இல் சாட் நாட்டுப் படைகள் டொயோட்டா பிக்கப்களில் ஏவுகணைகளைக் கட்டிக்கொண்டு பாலைவனத்தில் லிபிய டாங்கிகளை ஓட ஓட விரட்டின. சரித்திரத்தில் அதற்கு 'டொயோட்டா போர்' என்றே பெயர். சுமையோடு பாதையில்லாத இடத்தில் ஓடித்தான் இந்த வண்டிகள் பெயர் வாங்கின. இந்தியாவுக்கு வரும்போது வார இறுதிப் பொழுதுபோக்காகிவிட்டன.

நண்பருக்கு அடுத்த ஆசை சேஷாசலம். திருப்பதியைச் சுற்றிக் காடு கிடக்கிறதே, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்றார். விடமாட்டார்கள் என்றேன். தேசியப் பூங்கா, 2010இலிருந்து உயிர்க்கோளக் காப்பகம். எல்லாவற்றுக்கும் மேலே செம்மரம். அந்தக் கட்டைகள் பிக்கப்பிலும் காரிலும் பிடிபட்டதாக உள்ளூர்ப் பேப்பரில் அடிக்கடி செய்தி வரும். அந்த வண்டிகள் நின்றதெல்லாம் ரோட்டு ஓரம். மரம் நிற்கும் மலைச்சரிவிலிருந்து ரோடு வரை எந்தக் கம்பெனியின் ஃபோர் வீலும் போகாது. அந்தத் தூரத்துக்குத் தோள்தான் வண்டி. தோள்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்தவை. 2015 ஏப்ரல் 7 அன்று இந்தக் காட்டில் போலீஸ் சுட்டு இறந்த இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். கட்டையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் யாரும் அன்று காட்டுக்குள் இல்லை. இதைச் சொன்ன பிறகு நண்பர் சேஷாசலத்தைப் பற்றிப் பேசவில்லை.

தோப்பில் லோடு ஏற்றி முடிக்க மூன்று மணி ஆயிற்று. ஒன்றரை டன். ஆலை விலைக்கு 12,000 ரூபாய். அதில் பறிகூலி, வண்டி வாடகை போக வேண்டும். டிரைவர் சொன்னபடியே, காலையில் மறுத்த அந்த மேட்டில் வண்டி கனத்தோடு ஆடாமல் இறங்கி, மணலை ஒரே மூச்சில் தாண்டி, எதிர்க்கரையில் ஏறிப் போய்விட்டது. திரும்பிப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார்.

மச்சான் வி-கிராஸை ஒருமுறை சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ சார் இது?"

"ரோட்டுக்கு வர்றப்போ 26 லட்சம் ஆச்சுங்க."

மச்சானுக்குப் பேப்பர் பேனா வேண்டாம். உதடு மட்டும் அசைந்தது. "கிலோ எட்டு ரூபாய்னா... மூணே கால் லட்சம் கிலோ. 325 டன்." தோப்பைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாக் காய்ச்சா வருசத்துக்கு 30 டன். பதினோரு வருசம் ஆவும். உரம் கூலியெல்லாம் சேக்காம."

நண்பர் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. மேட்டில் சுருட்டிப் போட்டிருந்த இழுவைப் பட்டையை எடுத்துச் சேற்றை உதறினார். இரண்டு கையாலும் இழுத்துப் பலம் பார்த்தார்.

"மாப்ளே," என்றார் என்னிடம், நண்பர் காதிலும் விழும்படி, "இது எங்க கிடைக்கும்னு கேட்டுச் சொல்லு."