காஷ்மீர் ஆப்பிளைச் சுடும் வெயில்: இழப்பு யார் கணக்கில்?

கடந்த 2025 ஜூலை 5 அன்று ஸ்ரீநகரில் 37.4 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. வேலூரிலோ திருச்சியிலோ இருக்கும் நமக்கு இது பெரிய வெயிலாகவே தோன்றாது. ஆனால் ஸ்ரீநகரில் 1953-க்குப் பிறகு எந்த ஜூலையிலும் இவ்வளவு வெப்பம் இருந்ததில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையிலும் 36 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆப்பிள் காய்கள் மரத்தில் பருத்துக்கொண்டிருக்கும் மாதம் அது.

காற்றின் வெப்பம் 37 என்றால் காயின் தோலும் 37-இல் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நேர் வெயில் படும் ஆப்பிளின் தோல், காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாகச் சூடேறும். தோலின் வெப்பம் 46 முதல் 49 டிகிரியை எட்டும்போது வெயில் பட்ட பக்கம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. 52 டிகிரியை ஒட்டிப் போனால் அந்த இடத்துச் செல்களே செத்து, கருகிய வட்டம் விழுகிறது. மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. இலை நிழலிலேயே வளர்ந்த காய், கிளையை வெட்டியதாலோ பாரத்தால் கிளை சாய்ந்ததாலோ திடீரென்று வெயிலுக்கு வந்தால், அவ்வளவு சூடு இல்லாமலேயே வெளுத்துப்போகும். பிற்பகல் வெயில் விழும் தென்மேற்குப் பக்கக் காய்கள்தான் பெரும்பாலும் அடிபடும். வேரில் ஈரம் குறைந்திருந்தால் சேதம் இன்னும் கூடும்.

லேசாக நிறம் மாறிய பழத்தைத் தின்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மண்டியில் அது முதல் தரத்திலிருந்து இறங்கிவிடும். குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்தால் அந்தத் தழும்பு மேலும் கறுக்கும் என்பதால், கிடங்குக்காரரும் தயங்குவார். கடைசியில் சாறு பிழியும் ஆலைக்குப் போகும் மூன்றாம் தரம். வெயில் மரத்தைச் சாய்ப்பதில்லை, காயை உதிர்ப்பதும் குறைவு. ஆகவே வெள்ளச் சேதம்போலக் கண்ணில் படாது. பெட்டி எண்ணிக்கை குறையாமலே வருமானம் குறைந்துபோகிறது.

இந்தியாவில் விளையும் ஆப்பிளில் முக்கால் பங்குக்கு அருகில் காஷ்மீரில்தான் விளைகிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன். சோப்பூர், ஷோபியான், புல்வாமா, அனந்த்நாக் பகுதிகளில் ஒரு குடும்பத்தின் கல்யாணம், படிப்பு, மருத்துவச் செலவு எல்லாமே இலையுதிர்கால அறுவடையை நம்பித்தான் திட்டமிடப்படுகின்றன. அரசியல் செய்திகளில் மட்டுமே காஷ்மீரைப் பார்த்துப் பழகிய நாம், அங்குள்ள நம் சகோதரர்களின் வயிற்றுப்பாட்டைப் பற்றி அதிகம் பேசியதில்லை. 2025 செப்டம்பரில் நிலச்சரிவால் ஜம்மு நெடுஞ்சாலை அடைபட்டு, லாரி லாரியாக ஆப்பிள் அழுகியபோதுதான் இந்தப் பேச்சே நம் பக்கம் வந்தது.

தடுக்க வழி இல்லையா? உண்டு. கயோலின் எனும் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துக் காய்களின்மேல் தெளிக்கலாம். நிழல்வலை கட்டலாம். உச்சி வெயிலில் மரத்தின் மேல் தண்ணீர் தூவிக் குளிர்விக்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தோட்டங்களில் இவையெல்லாம் பல்லாண்டுகளாக நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் காஷ்மீரின் கரேவா எனப்படும் மேட்டுநிலத் தோட்டங்கள் பல, வானத்தை நம்பியவை. 2024 ஜனவரியில் குல்மார்க்கிலேயே பனி இல்லாமல் தரை தெரிந்தது. பனி குறைந்தால் கோடையில் ஓடைக்கு வரும் தண்ணீரும் குறையும். குடிக்கவும் நெல்லுக்கும் போதாத தண்ணீரை மரத்தின் தலையில் எப்படித் தூவுவது?

அரசு மானியத்தோடு பரவும் அடர்நடவுத் தோட்டங்களையும் இங்கே சொல்ல வேண்டும். குட்டை மரங்கள், சீக்கிரம் காய்க்கும், விளைச்சலும் அதிகம். ஆனால் பழைய பெரிய மரங்களின் அடர்ந்த இலைக்கூரை இவற்றுக்கு இல்லை, வேரும் ஆழமாகப் போகாது. காய்கள் வெயிலுக்கு நேராக நிற்கின்றன. சொட்டுநீரும் வலையும் இல்லாமல் இவற்றை நடுவது, குடை தராமல் ஒருவரை வெயிலில் நிறுத்துவது போலத்தான்.

மார்க்கக் கோணத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. காஷ்மீரில் பல தோட்டங்களின் விளைச்சல், அறுவடைக்கு வெகு முன்னரே பேசி முடிக்கப்படுகிறது. நம்மூரில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விடுவதைப் போலத்தான். இன்னும் பலர் உரம், மருந்து, பெட்டிச் செலவுக்குக் கமிஷன் ஏஜென்டிடம் முன்பணம் வாங்கி, பழத்தை அவர் மூலமே விற்கக் கட்டுப்பட்டிருக்கிறார்கள்.

காய் பலன் தரும் நிலையை அடைவதற்கு முன் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. விற்ற பிறகு கனிகளுக்கு இயற்கைப் பேரிடர் ஏற்பட்டால், வாங்கியவரிடமிருந்து விலையைப் பெறுவது எந்த நியாயத்தில் என்று கேட்ட ஹதீஸும் முஸ்லிமில் உள்ளது. ஃபிக்ஹில் இதற்கு ‘ஜாயிஹா’ என்று பெயர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் சேதம் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் விலை குறைக்கப்படும். ஹன்பலி மத்ஹபில் பொதுவாக அந்த வரம்பு இல்லை. ஹனஃபிகளும், பிற்காலக் கருத்தில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், ஒப்படைத்த பிறகு இழப்பு வாங்கியவரையே சேரும், தள்ளுபடி செய்வது விரும்பத்தக்கது என்றார்கள்.

ஆனால் இந்தச் சட்டத்தை அப்படியே எடுத்துக் காஷ்மீரில் வைத்தால் ஒரு சிக்கல். ஹதீஸ், விற்றவரை நோக்கி ‘எடுக்காதே’ என்கிறது. இங்கே விற்பவர் நான்கு கனால் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயி, வாங்குபவர் முதல் போட்ட வியாபாரி. தள்ளுபடிச் சுமையைச் சிறியவர் தலையிலேயே ஏற்றிவிட்டு, மார்க்கப்படி நடந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியும். முன்பணம் வாங்கியவர் நிலையோ இன்னும் மோசம். வெயிலில் கருகிய பழத்துக்கு விலை இறங்கும், கமிஷன் பிடிக்கப்படும், மீதிக் கடன் அடுத்த ஆண்டுக்கு ஏறும். அவருக்குப் பொருந்துவது, நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் குர்ஆனின் கட்டளை (2:280). ஒப்பந்தம் பேசும்போதே வெயில் சேதத்துக்கு யார், எவ்வளவு பொறுப்பு என்று எழுதிக்கொள்வதும், அங்குள்ள உலமாக்கள் மண்டிகளில் போய் இதைப் பேசுவதும் உடனடியாகச் செய்யக்கூடியவை.

பயிர்க் காப்பீடு வேண்டும் என்பது ஆப்பிள் விவசாயிகளின் நீண்டநாள் கோரிக்கை. காப்பீடு என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டை மறுத்த அதே தீர்மானத்தில் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றுக்கொண்டது. அந்த வழியில் விவசாயிகளே நிதி சேர்க்கலாம். வடிவமைக்கும்போது, அளவு குறையாமல் தரம் மட்டும் விழுவதையும் இழப்பாகக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் வெயில் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.

சிலர் இப்படிப்பட்ட சேதங்களைக் கண்டதும் அல்கலம் அத்தியாயத்தின் தோட்டக்காரர்களை நினைவூட்டி, தண்டனை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள் ஏழைகளை உள்ளே விடக்கூடாது என்று திட்டமிட்டவர்கள்; அதை அறிவித்தவன் அல்லாஹ். ஷோபியானில் கடன் வாங்கி மருந்தடித்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல நமக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் அந்த விவசாயி, கருகியது போக எஞ்சிய ஆப்பிளுக்கும் உஷ்ர் கொடுக்கக் கடமைப்பட்டவர். மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவு செய்து இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. கரேவா மேடுகளுக்கு மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றத் தொடங்கியிருப்பவர்கள், இந்த வருடம் எந்தக் கணக்கில் கொடுப்பது என்று தங்கள் ஊர் இமாமிடம் கேட்க வேண்டியிருக்கும்.