திராட்சைத் தோட்டத்துத் திருமணமும் புகைப்படக் கலைஞரின் கண்ணும்

மெல்போர்ன் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் யாரா பள்ளத்தாக்கு இருக்கின்றது. 1838ஆம் ஆண்டில் அங்கே முதல் திராட்சைக் கொடிகள் நடப்பட்டன. இன்று அந்தச் சரிவுகளில் உள்ள ஒயின் ஆலைகள் பலவும் மது விற்பனையோடு திருமண விழாக்களையும் நடத்துகின்றன. வசந்த காலம் தொடங்கி இலையுதிர் காலம் வரை, சனிக்கிழமைகள் மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவாகி விடுகின்றன. அந்நாட்டில் குடியேறி, புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டுள்ள நம் பிள்ளைகளுக்கு இந்தத் தோட்டங்கள் ஒரு கேள்வியை எழுப்புகின்றன. "ஹராம்" என்ற ஒரே சொல்லில் விடை கூறி நகர்ந்துவிடலாம்தான். நானும் இறுதியில் அந்த விடையின் பக்கமே நிற்கின்றேன். ஆயினும் அத்தனை விரைவாக நகர்ந்துவிட்டால், அந்தப் படங்களில் நாம் காண வேண்டிய ஒன்றைக் காணாமலே போய்விடுவோம்.

முதலில், அவர்கள் ஏன் அங்கே போகின்றார்கள்? குடிப்பதற்காகத்தான் என்று எண்ணுவது எளிது. உண்மை சற்று வேறானது. ஆஸ்திரேலியாவில் சமயம் சாராத திருமண நடத்துநர்களை அரசு 1973ஆம் ஆண்டு முதல் நியமிக்கத் தொடங்கியது. இன்று அங்கு நடைபெறும் திருமணங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு, அத்தகைய நடத்துநர்களாலேயே செய்து வைக்கப்படுகின்றன. 1961ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் கேட்பவை மிகச் சிலவே: குறைந்தது ஒரு மாதத்திற்கு முன் எழுத்து மூலமான அறிவிப்பு, அனுமதி பெற்ற நடத்துநர், உரிய உறுதிமொழிச் சொற்கள், வயது வந்த இரு சாட்சிகள். (இரு சாட்சிகள் என்பது நம் செவிக்குப் பழகிய எண்ணிக்கைதான்.) எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. தேவாலயத்தை விட்டு வெளியே வந்த மணமக்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. மலைக்காட்சி, புல்வெளி, சமையற்கூடம், விருந்து மண்டபம், வாகன நிறுத்துமிடம் ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்த இடமாக ஒயின் ஆலை கிடைத்தது.

இடத்தைப் போலவே சடங்கையும் அவர்களே அமைத்துக் கொள்கின்றார்கள். ஒருவருக்கொருவர் கூறும் உறுதிமொழியைத் தாமே எழுதுகின்றார்கள். அதில் மனைவியாகப் போகிறவளின் கரிந்த தோசைக்கு ஒப்பான ஏதேனும் ஒரு வேடிக்கை நிச்சயம் இருக்கும். வளர்ப்பு நாய் மோதிரத்தைச் சுமந்து வரும். புல்வெளியில் இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் ஆட்டத்தில் பாட்டியார் பேரனைத் தோற்கடிப்பார். இத்தகைய திருமணத்தைப் படமெடுப்பவரின் வேலை, நம் ஊர் மேடைத் திருமணத்தைப் படமெடுப்பவரின் வேலையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அவர் மணமக்களைப் பல வாரங்களுக்கு முன்னரே சந்தித்துப் பேசுகின்றார். யார் எதற்குச் சிரிப்பார், யாருக்குக் கேமராவைக் கண்டால் கூச்சம், எந்த இரு உறவினரை அருகருகே நிறுத்தக் கூடாது என்பவற்றை அறிந்து கொள்கின்றார். அன்றைய நாளில் அவர் கட்டளையிடுவது குறைவு, காத்திருப்பது அதிகம்.

தோட்டமும் அவரைச் சோதிக்கும். பழம் முற்றும் மாதங்களில் பறவைகளிடமிருந்து காப்பதற்காகக் கொடிகளின் மீது வெண்ணிற வலை போர்த்தப்படுகின்றது. பச்சை இலைகளை எதிர்பார்த்து வந்தவருக்கு அது ஏமாற்றம். கண்ணுள்ளவருக்கு அந்த வலையே மெல்லிய திரையாகி ஒளியைப் பரப்பித் தருகின்றது. சூரியன் சாயும்போது கொடி வரிசைகளின் இடைவெளிகள் முதலில் நிழலுக்குள் விழுகின்றன. ஆகவே பொன்னொளி இருக்கும் சில நிமிடங்களில் மணமக்களை எங்கே நடக்க விடுவது என்பதை அவர் முன்னரே பார்த்து வைத்திருக்க வேண்டும். மரப்பீப்பாய்கள் அடுக்கிய அறையோ பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கும்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. திருமணத்தைச் செய்தியாளரின் கண்ணோடு, குறுக்கிடாமல் பதிவு செய்வதை முன்னெடுத்தவர்களில் அமெரிக்கரான டெனிஸ் ரெஜி முக்கியமானவர். 1996ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜார்ஜியா மாநிலத்தின் கம்பர்லாந்து தீவில், ஜான் எஃப். கென்னடியின் மகனுடைய திருமணம் ஒரு சிறு மரத் தேவாலயத்தில் ஊடகங்களுக்குத் தெரியாமல் நடந்தது. விருந்தினர் ஏறத்தாழ 40 பேர்தாம். தேவாலயத்தை விட்டு வெளியேறும் கணத்தில் மணமகன் மணமகளின் கையைப் பற்றி முத்தமிட்டதை ரெஜி படமாக்கினார். எவரும் "இப்படி நில்லுங்கள்" என்று சொல்லி எடுத்த படமன்று அது. இன்றளவும் உலகம் அறிந்த திருமணப் படங்களுள் அது ஒன்றாக இருக்கின்றது.

இத்தகைய படங்களைச் சற்று நேரம் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒயின் ஆலைத் திருமணங்களின் சிறந்த படங்களில் ஒயினுக்கு வேலையே இல்லை. குப்பியையும் கோப்பையையும் படத்திலிருந்து நீக்கிப் பாருங்கள். தந்தையின் கண்ணீர் அப்படியே இருக்கும், மணமகளின் சிரிப்பும் அப்படியே இருக்கும். மது இல்லாமல் மகிழ்ச்சியில்லை என்று அவர்களில் பலர் எண்ணக் கூடும். அவர்களுடைய சொந்தப் புகைப்படத் தொகுப்பே அதற்கு மாறாகச் சாட்சி சொல்கின்றது. இருவர் தம் இயல்பில் இருக்க அனுமதிக்கப்பட்டார்கள், ஒருவர் பொறுமையாகக் காத்திருந்தார். அங்கே விளையாட்டுத்தனம் பிறந்தது அதனால்தான்.

நம்மவர்கள் இதில் எதை எடுத்துக் கொண்டோம்? பின்னணியை மட்டும் எடுத்துக் கொண்டோம். வண்ணப் புகை, ட்ரோன் கேமரா, திருமணத்திற்கு முன்பே நிக்காஹ் ஆகாத இருவரை மலைவாசத்தலத்திற்கு அழைத்துச் சென்று எடுக்கும் படங்கள், பழச்சாற்றைக் கால் நீண்ட கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி ஒன்றோடொன்று இடித்துக் காட்டும் காட்சி. இந்தக் கடைசி வழக்கம் என்னை மெய்யாகவே வியக்க வைக்கின்றது. மதுவை ஒதுக்கிவிட்டு மதுவின் பாவனையை மட்டும் வைத்துக் கொள்ள நமக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

இனித் தொழில் பற்றிய கேள்வி. மதுவின் தொடர்பில் பிழிபவர், பிழியச் செய்பவர், அருந்துபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் எனப் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தி திர்மிதி, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதைத் தடுக்கும் அறிவிப்பும் உண்டு. "புகைப்படக் கலைஞர் அந்தப் பட்டியலில் இல்லையே, அவர் அமர்ந்து உண்பதுமில்லையே" என்று சிலர் வாதிடுகின்றனர். இவ்வாதத்தை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் சனிக்கிழமை வருமானத்தை நம்பியிருக்கும் ஒரு குடும்பத்திற்கு இது வெறும் வாதமன்று.

ஆனால் அத்தொழிலின் நடைமுறை அறிந்தவர்களுக்கு மற்றொன்று தெரியும். திருமணம் முடிந்தபின் அப்படங்கள் மணமக்களிடம் மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒயின் ஆலையின் இணையதளத்திற்கும் இன்ஸ்டாகிராம் பக்கத்திற்கும் அவை போய்ச் சேருகின்றன. கலைஞரும் ஆலையின் பெயரைக் குறிப்பிட்டுப் பதிவிடுகின்றார். பதிலுக்கு ஆலை, அடுத்த மணமக்களுக்குத் தரும் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துக் கொள்கின்றது. பெயர்ச்சீட்டு தெரியும்படி வைத்த குப்பியின் படமும் வழக்கமாகக் கேட்கப்படுவதே. அந்த நிலையில் அவர் திருமணத்தை மட்டும் படமெடுத்தவரா, மது விற்கும் இடத்திற்கு விளம்பரமும் செய்து கொடுத்தவரா? பத்துப் பேர் பட்டியலில் இக்கேள்வியைப் பொருத்திப் பார்க்க வேண்டியவர்கள் ஆலிம்கள்தாம். என் மனம் அந்தப் பணத்தில் நிம்மதி கொள்ளாது என்பதை மட்டும் சொல்லிக் கொள்கின்றேன்.

நடுவழி ஒன்றையும் சிலர் முன்வைக்கின்றனர்: புல்வெளியில் நடக்கும் சடங்கை மட்டும் எடுத்துவிட்டு, மாலை விருந்திற்கு முன் புறப்பட்டு விடுவது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மணமக்கள் தம் வாழ்வின் ஒரு முழு நாளை நம்பி ஒப்படைக்கின்றார்கள். அமானிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு வருவது எவ்வகையிலும் தக்வா ஆகாது. முதல் சந்திப்பிலேயே, "எங்கள் மார்க்கத்தின் காரணமாக நான் ஒயின் ஆலையில் பணி செய்வதில்லை; தாவரவியல் பூங்காவிலோ கடற்கரையிலோ பண்ணையிலோ உங்கள் திருமணம் அமைந்திருந்தால் மகிழ்ச்சியோடு வந்திருப்பேன்" என்று கண்ணியமாகக் கூறி, வேறொருவரின் பெயரைச் சொல்லி விலகிக் கொள்வதே நேர்மை. வருமானம் குறையும்; அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

விலகி வந்தபின் நம் கைகளில் எஞ்சுவது, அந்தப் படங்களில் கண்ட விளையாட்டுத்தனம். அது அந்நியரின் சொத்தன்று. அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், அன்னையார் வென்றார்கள். பின்னொரு நாள் அண்ணலார் வென்றபோது, இது அதற்குச் சரியாகிவிட்டது என்றார்கள். மணம் முடித்து வந்த ஜாபிர் (ரலி) அவர்களிடம், கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் விளையாடி மகிழ்வதைப் பற்றியே பேசினார்கள். அன்ஸாரி ஒருவரின் வீட்டிற்கு மணமகள் அனுப்பப்பட்டபோது, மகிழ்வூட்டும் நிகழ்ச்சி எதுவும் இல்லையா, அன்ஸாரிகள் அதை விரும்புவார்களே என்று கேட்டார்கள். இந்த மரபுக்கு உரியவர்களின் திருமணத் தொகுப்பைத் திறந்தால் என்ன காண்கின்றோம்? வெல்வெட் சோபா, கண்ணைக் கூசும் விளக்கு, வரிசையில் நின்று ஏறி இறங்கும் நானூறு பேர், ஐந்து மணி நேரம் தலை தாழ்த்தி அமர்ந்து களைத்த மணப்பெண். அவள் என்ன சொன்னால் சிரிப்பாள் என்பது படமெடுத்தவருக்குத் தெரியாது. சில வீடுகளில் மாப்பிள்ளைக்கும் தெரியாது.

புகைப்படமே கூடாது என்று கருதும் பெரியோர்களின் நிலையை நான் மதிக்கின்றேன். இங்கே பேசுவது எடுப்பது என்று முடிவு செய்துவிட்ட குடும்பங்களிடம். நிக்காஹ் முடிந்தபின் அரை மணி நேரம் போதும். வீட்டு மாடியோ தோப்போ, மணமக்கள் இருவர் மட்டும்; எடுப்பவர் ஒரு பெண்ணாக இருக்கட்டும்; சில அடி தள்ளி நின்று, எதையும் செய்யச் சொல்லாமல் எடுக்கட்டும். முன்பணம் கொடுக்கும் நாளிலேயே, மூலக் கோப்புகள் யாரிடம் எத்தனை நாள் இருக்கும், அவற்றை விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த அனுமதி சிறிய எழுத்தில் ஏற்கெனவே அச்சாகி இருக்கும். கையொப்பமிடும் முன் அதை அடித்துவிட்டுக் கொடுக்க வேண்டியவர், நிக்காஹ் பதிவேட்டில் கையொப்பமிடப் போகும் மணமகன்தான். வருங்கால மனைவியிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.