வடசென்னைக்கு எத்தனை கோடி என்பதல்ல கேள்வி

ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. அந்தச் சாலையின் தலையெழுத்தை மாற்றியது அரசு போட்ட பணம். டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து தரமணியில் கட்டிய டைடல் பார்க் 2000-ல் திறந்தது. அப்புறம்தான் கம்பெனிகள் வரிசைகட்டி வந்தன.

சரி, வடசென்னையில் ஏன் இது நடக்கலை? ‘அங்கே அரசு எதுவுமே செய்யலை’ என்பார்கள். அது உண்மையில்லை. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையம், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு... எல்லாமே பொதுப் பணம்தான். ஊருக்கே பெட்ரோலும் கரண்ட்டும் கொடுத்த ஏரியா, பதிலுக்கு வாங்கிக்கொண்டது புகையும் சாம்பலும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்களின் படகும் வலையும் பாழானது. அந்த மாதம் முடிவதற்குள் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். மெட்ரோவும் அப்படித்தான்: விமான நிலையத்துக்கு 2016-லேயே போன ரயில், விம்கோ நகருக்கு வர 2021 ஆனது.

இப்போது காற்று கொஞ்சம் திசை மாறுகிறது. 2023-24 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயாக அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் 4,181 கோடியாகத் தொடங்கியது. நல்ல விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால், தெரு பளபளப்பானதும் முதலில் ஏறுவது வீட்டு வாடகைதானே? காசிமேட்டில் விடியும் முன்னே மீன் ஏலத்துக்குப் போகிற அக்காவுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால்தான் பிழைப்பு. வாடகை ஏறி அவர் ஊருக்கு வெளியே போனால், அந்த 4,181 கோடி அவருக்கு எதற்கு? நகரின் நடுவில் இருந்த குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோமே, அவர்களில் எத்தனை பேர் வேலையைத் தொலைத்தார்கள், எத்தனை பிள்ளைகளின் படிப்பு நின்றது! அந்தத் தப்பையே இப்போது வாடகை என்ற பெயரில் செய்யக் கூடாது.

வழி இல்லாமல் இல்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தக் காலத்துக்குள் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது. ஒண்டுக்குடித்தனக்காரர்களிடம் இருப்பதோ வெறும் வாய்ப்பேச்சு. வாக்காளர் பட்டியலுக்கு முகாம் போடுகிறோம் அல்லவா, அதுபோல இதற்கும் வார்டு வாரியாகப் போடலாம். இடிக்கிற குடியிருப்புக்குப் பதில் வீட்டை அதே ஏரியாவுக்குள்ளேயே தர வேண்டும். அப்புறம், வேலை. கொருக்குப்பேட்டையில் பிறந்து இன்ஜினீயரிங் முடித்த பெண் தினமும் சோழிங்கநல்லூர் வரை போய்வருவதற்குள் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. விம்கோ நகர் மெட்ரோ பக்கம் அரசே ஒரு டைடல் பார்க் கட்டட்டும். கொடுங்கையூரில் குப்பையை எரிக்கும் ஆலை வேண்டாம் என்று அந்த ஊர் மக்களே தெருவில் இறங்கிச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தை முதலில் இதற்குத் திருப்பலாம்.