இலக்கும் வழியும்

ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் ஆண்டுதோறும் புணே வழியாகப் பண்டரிபுரம் செல்கின்றன. ஞானேசுவரர் பல்லக்குடன் நடப்போர் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சேரவேண்டிய நாள் ஆஷாட ஏகாதசி. இரவில் தங்கும் ஊர்களும் முன்னரே வகுக்கப்பட்டவை. ஆதலால் அவர்கள் கவலையின்றி அபங்கம் பாடி நடக்கின்றனர். திவே மலையேற்றத்திலும் பாட்டு ஓய்வதில்லை. வழியில் நின்று, வட்டமிட்டு ஓடும் குதிரையைக் கண்டு களிக்கின்றனர்.

வழியில் மகிழ்ந்தால் காலம் வீணாகும் என்பர் சிலர். பாடி நடந்தவர்களும் குறித்த நாளில் சேர்ந்துவிடுகின்றனரே! மாணவர் மதிப்பெண்ணை இலக்காகக் கொள்ளுதல் நன்று. ஆனால், படிக்கும் பொழுதெல்லாம் அதனையே எண்ணுவோர் பாடத்தின் சுவையை இழப்பர். காலையில் திட்டம் வகுக்கலாம். பிறகு, கையிலுள்ள பக்கத்தில் மனத்தைச் செலுத்துவதே அறிவுடைமை.